இரண்டாவது சிலுவை

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை நோட்டை எடுத்து, இரண்டு வரி எழுதி, கிழித்துப் போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், எழுத்து சரளமாக வராது என்பது ஒரு காரணம். உண்மையை எழுதினால் முதலில் என் பேர்தான் கெடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் எங்கள் டீமில் ஒரு பையனுக்கு நடந்தது இன்றைக்கும் வேறு மாதிரிக் கதையாக சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் கண்ணை மூடிவிட்டால் அந்த வேறு மாதிரிதான் நிற்கும். அதனால் மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பேர் அந்தோணி. வீடு சாந்தோம். தி.நகரில் ஒரு பெரிய அலுவலகத்தில் அட்டெண்டர் வேலை. அங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்து வாலிபால் டீம் வைத்திருந்தார்கள். பகலில் ஃபைல் தூக்குவேன், நாலு மணிக்கு மேல் டீம் பையன்களுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுவேன், அடிபட்ட இடத்தில் டேப் சுற்றிக் கட்டுவேன். ஒரு கேம்ப்பில் பதினைந்து நாள் உட்கார்ந்து பார்த்துக் கற்றது. சர்டிபிகேட் எதுவும் கிடையாது.

1. சிலுவை

கட்டு கட்டி முடித்ததும் அதன் மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவது என் பழக்கம். ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாமல்தான் போட்டேன். பையன்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். நெற்றி நிறைய விபூதி பூசி வருகிறவனும் காலை நீட்டிக்கொண்டு, "அண்ணே, கையெழுத்து போடலியே?" என்பான்.

அதில் எனக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கட்டு தாங்கும் என்று மனசு சொன்னால்தான் போடுவேன். இல்லாவிட்டால், "இன்னிக்கு வேணாம்பா" என்று எழுந்துவிடுவேன். ஆண்டவர் பேரில் பொய் சாட்சி சொல்லக் கூடாதே. நாளாக ஆக அதுவே டீமில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் இல்லாத டீமுக்கு அந்தச் சிலுவைதான் ஃபிட்னஸ் சர்டிபிகேட். எங்கள் டீம் மேனேஜர் சபாபதி சார், பையனிடம் வலிக்கிறதா என்று கேட்க மாட்டார். என்னிடம்தான் கேட்பார், "என்ன அந்தோணி, சிலுவை போட்டாச்சா?"

2. மாவுக்கட்டு

தணிகாசலத்தை எல்லாரும் தணிகா என்போம். ராயப்பேட்டை பையன். அவன் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். உயரம் அதிகமில்லை, ஆனால் அவன் சர்வீஸ் போட்டால் பந்து நேராக வந்துகொண்டே இருந்துவிட்டு, கடைசியில் செத்த பறவை மாதிரி விழும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ப்ரொபேஷன். அது முடிய ஒரு மாதம் இருக்கும்போது, ப்ராக்டீஸில் குதித்து இறங்கியவன் இன்னொருவன் பாதத்தின் மேல் இறங்கினான். வலது முட்டி திரும்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டார்கள். "லிகமெண்ட் கிழிஞ்சிருக்கு. ஆறு வாரம் கட்டு. அப்புறமும் ஆடறதப் பத்தி நெனச்சுக்கூடப் பாக்காதே" என்று டாக்டர் என் காதில் விழவே சொன்னார்.

மூன்றாவது வாரத்தில் ஃபைனல். சபாபதி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தோணி, அந்தப் பையன் இந்த சீசன்ல இன்னும் ஒரு மேட்ச் கூட எறங்கல. எறங்கினதா ஸ்கோர் ஷீட்ல இல்லன்னா கன்பர்ம் பண்ண மாட்டாங்க. வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"சார், காலே கட்டுல இருக்கு சார்."

"ஒரே ஒரு சர்வீஸ்யா. குதிக்க வேணாம், ஓட வேணாம். நின்ன எடத்துலேருந்து போடட்டும். போட்ட அடுத்த நிமிஷம் நான் வெளிய கூப்ட்டுக்கறேன். என் பொறுப்பு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் விரித்து, தணிகாவை உட்கார வைத்து, மாவுக்கட்டை நான்தான் வெட்டினேன். வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, ஆக்ஸா பிளேடால் அறுத்தேன். உள்ளே இருந்த கால் வெளுத்து, தோல் உரிந்து, சூம்பிப்போயிருந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாண்ணே, வேற யாருதோ காலை மாத்தி வெச்சுட்டாங்க போலகீது!"

என் மனைவி ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் போட்ட கட்ட அவுக்க நீங்க யாரு?" என்றாள்.

"அண்ணி, ஒரே ஒரு சர்வீஸ்தான் அண்ணி" என்றான் தணிகா.

"ஒண்ணுதானே? அப்ப உங்க மேனேஜரையே போடச் சொல்லு."

அந்த மாவுக்கட்டுத் துண்டுகளை அவள் தொடவே இல்லை. நான்தான் வாரிப் போட்டேன்.

3. ஃபைனல்

மைதானம் நிறையக் கூட்டம். மூன்று செட் ஆட்டம். எதிர் டீமிடம் அதற்கு முன் மூன்று வருடம் ஃபைனலில் தோற்றிருந்தோம். அன்றைக்கும் முதல் செட் போயிற்று. இரண்டாவது செட்டில் ஒன்பதுக்குப் பதின்மூன்று. பதினைந்து வந்தால் கப் அவர்களுக்கு.

சபாபதி சார் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேட்ச் போச்சு. பையன் பேராவது ஏறட்டும். அந்தோணி, சிலுவை போட்டாச்சா?"

முட்டியில் டேப் சுற்றி, ஆட்டத்துக்கு முன்பே போட்டிருந்தேன். அதில் பொய் இல்லை. நின்றபடி ஒரு சர்வீஸ் போட அந்தக் கட்டு தாங்கும்.

தணிகா இறங்கினான், நின்ற இடத்திலேயே போட்டான். பந்து போய் விழுந்தது. பாயிண்ட். அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயிண்ட், பாயிண்ட் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் அதே ஆள்தான் போட வேண்டும். பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் நான் சபாபதி சார் முகத்தைப் பார்த்தேன். கூப்பிடப்போகிறார், கூப்பிடப்போகிறார் என்று. அவர் கர்ச்சீப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். தோற்றிருந்தால் அப்போதே வெளியே வந்திருப்பான். ஜெயித்ததால் மாட்டிக்கொண்டான்.

பன்னிரண்டாவது பாயிண்ட்டில் பந்து திரும்பி வந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் முட்டியைப் பிடித்துக்கொண்டான். எடுத்துவிட்டான், பாயிண்ட்டும் வந்தது. எதிர் டீம் டைம் அவுட் கேட்டது. தணிகா எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நொண்டிக்கொண்டு வந்தான்.

"சார், உள்ள இன்னாவோ நழுவுது சார். என்னை மாத்திடுங்க சார்."

"இன்னும் மூணே பாயிண்ட்டுடா ராஜா. உன் கையிலதான் இருக்கு. கூட்டத்தைப் பாரு, உன் பேரத்தான் கத்தறான். அந்தோணி, ஸ்பிரே அடி."

அடித்தேன். முட்டி மரத்துப்போகிற வரைக்கும் அடித்தேன். பதினைந்துக்குப் பதின்மூன்றில் அந்த செட்டை ஜெயித்தோம்.

செட்டுக்கு நடுவில் சில நிமிட இடைவேளை. பழைய டேப்பை வெட்டினேன். முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. விரலை வைத்தால் எலும்பு பக்கவாட்டில் அசைந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது செட்டுக்கு நடுவரிடம் கொடுக்கிற சீட்டில் சபாபதி சார் தணிகா பேரை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், முடியாது சார். என்னை மாத்துங்க" என்றான் தணிகா மறுபடியும்.

சபாபதி சார் தலையைத் தூக்காமல் என்னிடம், "சிலுவை போட்டாச்சா?" என்றார்.

புது டேப் சுற்றி முடித்தேன். பையன்கள் எல்லாரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தணிகாவும் பார்த்தான்.

"தாங்குமாண்ணே?"

மூன்று வருடத் தோல்வி என் மனசிலும் இருந்தது. கப்போடு தி.நகர் தெருவில் வேனில் போகிற ஆசை எனக்கும் இருந்தது. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. "தாங்கும்" என்றேன். சிலுவையைப் போட்டேன்.

கடைசி செட்டில், ஜெயிக்க ஒரு பாயிண்ட் இருக்கும்போது, தணிகா வலைக்கு முன்னால் இருந்தான். பந்து உயர்ந்தது. குதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். வலைக்கு முன்னால் நிற்கிற வாலிபால்காரனுக்கு அதெல்லாம் காதில் ஏறாது. குதித்தான், தடுத்தான், பந்து அந்தப் பக்கம் விழுந்தது. இவன் இறங்கினான். காய்ந்த மட்டை முறிகிற சத்தம். பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது. கூட்டத்துக்குக் கேட்கவில்லை, அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கப்போடு எடுத்த போட்டோவில் தணிகா இல்லை. நாங்கள் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

4. அதற்குப் பிறகு

ஆபரேஷன் ஆயிற்று. முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. கன்பர்மேஷன் ஆர்டர் ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்தது. ஆட முடியாதவனை ரெக்கார்ட் செக்‌ஷனில் போட்டார்கள். அது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுவான். தினமும் பார்த்தேன்.

வருடா வருடம் புதுப் பையன்கள் வந்து சேரும்போது சபாபதி சார் பேசுவார். "நம்ம தணிகாசலம், முட்டி ஒடைஞ்சும் வெளிய வர மாட்டேன்னு நின்னு கப் வாங்கிக் குடுத்தான்." எல்லாரும் கை தட்டுவார்கள். தணிகா கும்பிடு போடுவான்.

நான் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் கேட்டுவிட்டுச் சொன்னார், "கடவுள் மன்னிச்சிட்டார், அந்தோணி. அந்தப் பையன்கிட்ட சொன்னியா?"

அதற்கும் எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஒரு நாள் மதியம் ரெக்கார்ட் செக்‌ஷனுக்குப் போய், தாங்காது என்று தெரிந்தே சிலுவை போட்டேன் என்று சொன்னேன். அவன் டிபன் பாக்ஸை மூடினான்.

"தெரியும்ண்ணே. மொத சிலுவைய அழுத்திப் போட்ட. ரெண்டாவது போடச்சொல்லோ உன் கட்டவெரலு என் கால்ல படவே இல்ல."

"தெரிஞ்சும் ஏண்டா போன?"

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு உன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். நீ சொல்லல."

டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு அவனே சொன்னான். "வுடுண்ணே. அவரு சொல்ற கதையாவது நல்லாகீது. எனக்கு வேற இன்னா கீது?"

அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். ஃபைனலுக்குப் பிறகு நான் யாருக்கும் சிலுவை போட்டதில்லை. கேட்டவர்களிடம், கட்டைவிரலில் வலி என்று சொல்லிவிட்டேன்.

5. என் விடைபெறும் விழா

நான் ரிட்டயர் ஆன அன்று எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தினார்கள். சபாபதி சார் மைக்கில் அதே கதையைச் சொன்னார். இந்தத் தடவை என்னையும் சேர்த்துக்கொண்டார். "அந்தோணி சிலுவை போட்டார், பையன் சிங்கம் மாதிரி போனான்!" என்றார். நல்ல கைதட்டல். எனக்குச் சால்வைக்குள் வியர்த்தது.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த கல்பனா என்ற பெண் என்னிடம் வந்தாள். இடது கணுக்கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது.

"அண்ணே, நாளைக்கு மேட்ச். டாக்டர் கூடாதுங்கறார். போறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு சிலுவை போட்டுட்டுப் போங்கண்ணே. தணிகா சார் மாதிரி நானும் வெளிய வர மாட்டேன்."

நான் அந்தக் கணுக்காலைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தணிகாதான் பேசினான்.

"நான் வெளிய வரமாட்டேன்னு சொல்லலம்மா. என்னை மாத்துங்கன்னு ரெண்டு வாட்டி கேட்டேன். மாத்தல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "இவன் கேட்டான். தாங்கும்னு பொய் சொன்னது நான். இன்னிக்கு வேணாம், வீட்டுக்குப் போ."

அவள் சபாபதி சார் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சரிண்ணே என்று போனாள். மறுநாள் வேறு யாரோ கட்டிவிட, ஆடினாள் என்று கேள்விப்பட்டேன். மைக்கில் சொன்ன கதைக்கு இருந்த பலம் நாங்கள் சொன்னதற்கு இல்லை.

அன்று படியிறங்கும்போது தணிகா என் தோளைப் பிடித்துக்கொண்டான். "இனிமே சொல்லுண்ணே. எனக்கு அந்தக் கதை வேணாம்" என்றான். அவன் அப்படிச் சொல்லியும் இத்தனை வருடம் ஆகிவிட்டது எனக்கு.

நான் கற்றது இவ்வளவுதான். ஆடுகிறவனுக்கு அந்த நேரத்தில் தன் உடம்பு தெரியாது. தெரிந்தாலும் கூட்டம் சொல்ல விடாது. பக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறவன்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவனுக்கு அந்த இடம்.

இதைப் படிக்கிறவர்கள் ஆடுகிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கட்டுப் போடுகிறவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கப் வாங்கினோம் என்பதைச் சொன்னால், அவன் இரண்டு தடவை கேட்டதையும் சொல்லுங்கள். சபாபதி சாரைத் திட்டினால், என் கட்டைவிரலையும் சேர்த்துத் திட்டுங்கள். சிங்கம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அவன் இப்போதும் மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறான்.