கொக்கியில் தொங்கிய சட்டை

அக்காவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் கிடங்கில் நூற்றிருபது ரோபோ வண்டிகளை ஒன்றோடொன்று உரசாமல் ஓடவைத்தது அவள்தான். அலமாரிகளை முதுகில் தூக்கிக்கொண்டு தாமாகவே நகரும் வண்டிகள் அவை. தரை முழுக்கக் கட்டம் போட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தில் ஒரு வண்டிதான் நிற்கலாம். வழியைக் கணினி போட்டுத் தரும். இருந்தும் நாலு வண்டி நாலு பக்கமிருந்தும் வந்து, 'நீ நகரு, அப்புறம் நான்' என்று முறைத்துக்கொண்டு நிற்கும். அப்போது அக்கா ஒன்றை மட்டும் பின்னுக்கு இழுப்பாள்.

"மாமியார் மருமக சண்டைடா இது. யாராவது ஒருத்தர் அடுப்படிய விட்டு வெளிய வரணும்" என்பாள். பக்கத்து நாற்காலிக்காரனான நான் சிரிப்பேன்.

கிடங்கில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளுடைய சொந்தத் தம்பிக்கும் அங்கேதான் வேலை. பொருள் கீழே விழுந்தால் வண்டிகளைச் சுற்றிய வேலிக்குள் போய் எடுத்துவர ஆறு பேர் இருந்தார்கள், அவன் ஆறாவது. உள்ளே போகிறவன் சிக்னல் சட்டை போட்டாக வேண்டும். அதைச் சுற்றி ஐந்து கட்டத்துக்கு எந்த வண்டியும் அசையாது. எங்கள் திரையில் சிவப்புப் புள்ளி தெரியும். சட்டையை வாசல் கொக்கியில் மாட்டினால் புள்ளி பச்சையாகிவிடும். வண்டிக்கும் சரி, எங்கள் திரைக்கும் சரி, சட்டையைத்தான் தெரியும். மனுஷனைத் தெரியாது.

வண்டி நின்றால் மேனேஜர் குதிப்பார். நின்ற நிமிஷமெல்லாம் அக்கா தலையில்தான் விடியும். ஒருநாள் காலை அவளுக்கு இரண்டாவது மெமோ கொடுத்தார். இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாப்பாட்டு நேரத்தில் அக்கா தம்பி மேல் பாய்ந்தாள்.

"நீ குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள இருபது வண்டி நிக்குது. என் வேலைக்கு உலை வைக்காம விடமாட்டியா?"

"சரிக்கா, இனிமே நிக்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான், பாவி.

மூன்று மணிக்கு ஒரு பெட்டி விழுந்தது. தம்பியை எடுக்கக் கூப்பிடும் மணி அடித்தது. ஆறாவது புள்ளி பச்சையிலேயே இருந்தது.

"இன்னும் கிளம்பல, சோம்பேறி. அவன் வர்றதுக்குள்ள ரெண்டு வண்டிய அனுப்பிடலாம்" என்று அக்கா வழியைத் திறந்தாள்.

அவன் சட்டையைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு, வேலிக்கடியில் நுழைந்து உள்ளே போயிருந்தான். வண்டி நிற்கக் கூடாதே, அக்காவுக்குத் திட்டு விழக் கூடாதே என்று! அரை டன் அலமாரி அவனைத் தூணோடு வைத்து நசுக்கியது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அன்றைய அறிக்கையில் 'மோதல்: பூஜ்யம்' என்று இருந்தது. வண்டியும் வண்டியும் மோதினால்தானே அவர்களுக்கு மோதல்! சட்டை போடாதது அவன் தப்பு என்று மேனேஜர் முடித்துவிட்டார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வந்தாள். உட்கார்ந்ததும் எல்லா வண்டியையும் நிறுத்தினாள்.

"உள்ள யாரும் இல்லக்கா. ஆறு சட்டையும் கொக்கியில இருக்கு, பாரு" என்றேன்.

"சட்டைய காட்டாத. ஆள காட்டு."

கூப்பிட்டேன். ஐந்து பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தாள். வண்டிகளைக் கிளப்பும் பொத்தான் மேலேயே விரல் இருந்தது, அழுத்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஒருத்தன் வரணும்" என்றாள் அக்கா.

மேனேஜர் கண்ணாடியைத் தட்டினார். கடைசியில் நான்தான் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.