கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு

என் மகள் ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கத்தரித் தோட்டங்களில் அந்துப்பூச்சி பிடிப்பாள். பாகூர் பக்கம் எந்தத் தோட்டம் யாருடையது என்று எங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். பூச்சியின் உணர்கொம்பை வெட்டி, அதிலிருந்து நீரில் கரையும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுப்பாள். எண்ணெய்த் தன்மையுள்ள வாசனை, கொம்புக்குள் இருக்கும் ஈரத்தில் தானாகக் கரையாதாம். இந்தப் புரதம்தான் அதைச் சுமந்துபோய் நரம்பிடம் சேர்க்குமாம். அதனால் வாசனை சுமக்கும் புரதம் என்று பெயர்.

“அதே வகைதான் குளவியோட விஷப்பையிலயும் இருக்கு, பூச்சி முட்டையிலயும் இருக்கு. அங்க மோந்து பாத்து இன்னாத்துக்கு? மொதல்ல எங்க பாத்தாங்களோ, அத வெச்சுப் பேரு வெச்சிட்டாங்கம்மா” என்றாள் ஒருநாள், சோறு பிசைந்தபடி.

“பேர மாத்திட வேண்டியதுதானே?”

“வெச்சது வெச்சதுதான்.”

போன வருடம் தோட்டத்து வேலியில் அவளைக் குளவி கொட்டிவிட்டது. கொட்டியது கையில். ஆனால் வயிறு, முதுகெல்லாம் தடிப்பு, உதடு வீங்கியிருந்தது, வாந்தி எடுத்தாள். பக்கத்து வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கிவந்து கொட்டிய இடத்தில் தடவினேன். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். “வெறும் வயித்தோட வெயில்ல சுத்துனா வாந்திதான் வரும்” என்று திட்டவும் செய்தேன். சாயங்காலம் சரியாகிவிட்டது. பட்டினிதான் காரணம் என்று அவளும் நம்பினாள்.

அடுத்த முறை கொட்டியபோது தோட்டத்திலேயே விழுந்துவிட்டாள். காய் ஏற்றும் வண்டியில் போட்டு அரியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள்.

“இதுக்கு முன்னாடி கொட்டியிருக்கா?” என்று டாக்டர் கேட்டார்.

சொன்னேன். சுண்ணாம்பு என்றதும் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். “அன்னிக்கே வந்திருக்கணும். இனிமே கொட்டினா நிமிஷக் கணக்குதாம்மா.”

வீட்டுக்கு வந்ததும் அவளே விளக்கினாள். “குளவி விஷத்துல இருக்கறதும் தண்ணியில கரையிற புரதந்தாம்மா. ஒண்ணுக்குப் பேரே ஒவ்வாமை குடுக்கற அஞ்சாம் நம்பர். குளவிக்கு அதால இன்னா வேலைன்னு இன்னும் சரியாத் தெரியாது. நம்மள இன்னா பண்ணுதோ, அத வெச்சுப் பேரு.” சிரித்தாள். என்னால் முடியவில்லை.

அழுதும் சாப்பிடாமல் கிடந்தும் அவள் படிப்பை நிறுத்தவைத்தேன். அவள் பிரித்தெடுத்ததெல்லாம் அவள் கையெழுத்துச் சீட்டு ஒட்டிய குப்பிகளில் ஆராய்ச்சிக்கூடத்தில் எங்கோ உறைந்து கிடக்கிறது. இப்போது வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். கைப்பையில் எப்போதும், கொட்டினால் உடனே போட்டுக்கொள்ள ஊசிமருந்து.

போன வாரம் சாப்பாடு கொண்டுபோனேன். ஷட்டருக்கு உள்பக்கம், அவள் நாற்காலிக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் குளவிக் கூடு.

“இன்னாடி இது?”

“மூணு மாசமா இருக்கு. ஒன்னாண்ட சொன்னா இந்த வேலையையும் வுடச் சொல்லுவ.” நிமிராமல் காகிதம் அடுக்கினாள்.

தட்டினால் கலையும். கலைந்தால் கொட்டும். கூட்டிலிருந்து ஒன்று கிளம்பி, அவள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தெருவுக்குப் போனது. அது திரும்பி வரும்வரை சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.