ரொட்டிக்குள் இருந்த மோதிரம்

எங்கள் இங்கிலாந்தில் வெடிமருந்து கண்டுபிடிக்கப்படவே இல்லை. அதனால் போர்களை மந்திரவாதிகள்தான் நடத்தினார்கள். ராஜாவின் வலப்பக்கத்தில் ஆஸ்தான மந்திரவாதிக்கு ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் நான், இன்னொருவர் என் நண்பர்.

இந்த இங்கிலாந்து, நாங்கள் குடியிருந்த ரவுண்ட் ராக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மாடு மேய்ந்த நிலத்தில் மரப்பலகையால் கோட்டை கட்டி, வசந்த காலத்துச் சனி ஞாயிறுகளில் திருவிழா நடத்துவார்கள். டெக்சாஸ்காரர்கள் வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு, வான்கோழிக் காலைக் கடித்தபடி, அந்தக் காலத்து ஆங்கிலம் என்று நினைத்து எதையோ பேசிக்கொண்டு திரிவார்கள்.

நண்பருக்குக் கீழக்கரைப் பக்கம். எனக்குக் கோபிச்செட்டிபாளையம். ஆபீசில் ஒரே மாடி, ஒரே டீம். நான் அவரை 'பாய்' என்பேன், அவர் என்னைத் 'தலைவரே' என்பார். எனக்குக் கல்லூரி ஹாஸ்டலிலிருந்தே நாணய வித்தையில் பைத்தியம். அவர் சீட்டுக்கட்டில் கெட்டிக்காரர். தமிழ்க் குடும்பங்களின் பிறந்தநாள் விழாக்களில் இருவரும் சேர்ந்து வித்தை காட்டுவோம். இருவருக்கும் கிரீன் கார்டு வந்த வருஷம், இனி வார இறுதியில் எங்கே என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது என்ற தைரியத்தில், திருவிழாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றோம்.

நாடகத்தை எழுதி இயக்கியவர், பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எங்கள் நிறத்தை எப்படி விளக்குவது என்று யோசித்துவிட்டு, "கடல் தாண்டி வந்த மந்திரவாதிகள்" என்று எழுதிக்கொண்டார். கதை எளிமையானது. இருவரும் மாறி மாறி வித்தை காட்ட வேண்டும். கூட்டம் யாருக்கு அதிகம் கை தட்டுகிறதோ, அன்றைக்கு நாற்காலி அவருக்கு. நடுவில் மூன்று தேவதைகள் வந்து குறும்பு செய்வார்கள். யார் தொப்பியையாவது தூக்கிப்போவார்கள், எதையாவது ஒளித்து வைப்பார்கள். வாய் பேசக் கூடாது. மூவருமே சம்பளமில்லாமல் வந்தவர்கள். மூத்த தேவதைக்கு அறுபது தாண்டியிருக்கும், தபால் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கம்பியில் மெல்லிய துணி சுற்றிய இறக்கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, முழங்கால் வலியோடு துள்ளிக் குதிப்பார்.

முதல் வாரம் நண்பர் ஜெயித்தார். இரண்டாவது வாரமும், மூன்றாவது வாரமும் அவரேதான். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட ஒன்றும் உசத்தியில்லை. ஆனால் மேடையேறிக் கையை விரித்தால் கூட்டம் அவரோடு போய்விடும். கடைசியில் ஒரு ரொட்டி வித்தை செய்வார். கூட்டத்தில் ஒரு பெண்ணிடம் கல்யாண மோதிரத்தை வாங்கி மறையவைத்து, பிறகு ஒரு ரொட்டிக் கூடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, அதில் ஒன்றை அவளையே எடுக்கச் சொல்லி அறுப்பார். உள்ளே மோதிரம் இருக்கும். அதற்கு மேல் நான் ஆயிரம் நாணயத்தை வரவழைத்தும் பயனில்லை. என் மனைவிகூட அவருக்குத்தான் அதிகம் கை தட்டினாள். கேட்டபோது, "அவர் நல்லா பண்றாரு, தட்டறேன். அதுக்கென்ன இப்போ?" என்றாள்.

திரும்பி வரும்போது அவர் எனக்கு ஆறுதல் சொல்வார். "உங்களுது நுணுக்கமான வேலை தலைவரே. பத்தடி தள்ளி நிக்கிறவனுக்கு எங்க தெரியப்போகுது?" அந்த ஆறுதல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்காவது வாரம், நாடகம் தொடங்கும் முன் மூத்த தேவதையிடம் போனேன். ரொட்டிக் கூடையை நண்பர் மேசைமேல் வைத்தவுடன், அதேபோல் இன்னொரு கூடையை அங்கே வைத்துவிட்டு அவருடையதை என் மேசைக்கடியில் கொண்டுவந்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மா குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அன்று நண்பரின் ஒன்பது வயது மகள் வகுப்புத் தோழிகளோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

நண்பர் ரொட்டியை அறுத்தார். மோதிரம் இல்லை. சிரித்துச் சமாளித்து இன்னொன்றை அறுத்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிய்க்கத் தொடங்கினார். மோதிரம் கொடுத்த பெண்ணின் முகம் மாறியது. கூட்டம் முதலில் முணுமுணுத்து, பிறகு சிரித்தது. அவர் மண்டியிட்டுத் துணுக்குகளுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது நான் முன்னால் வந்து, என் மேசைக்கடியிலிருந்து கூடையை எடுத்து, ஒரு ரொட்டியை அறுத்து மோதிரத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். எந்த ரொட்டி என்று எனக்குத் தெரியும். அவருடைய எல்லா ரகசியமும் எனக்குத் தெரியும், அவரேதான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அப்படியொரு கைதட்டல் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. அவருடைய மகள் எழுந்து நின்று அப்பாவைப் பார்த்தாள். பிறகு தோழிகளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மகளைத் தோழியின் அம்மா அழைத்துப்போனார். நான் உடுப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காருக்கு வந்தபோது நண்பர் எனக்காகக் காத்திருந்தார். ஃப்ரீவேயில் ஏறிய பிறகு மெல்லக் கேட்டார். "அந்தக் கூடை எப்படி மாறுச்சுன்னுதான் புரியலை தலைவரே. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"அந்தப் பொம்பளைங்க இஷ்டத்துக்கு எதையாவது பண்ணி வைப்பாங்க பாய். நல்லவேளை, என் காலுக்கடியில இருந்துச்சு, நான் பார்த்தேன்."

"நல்லவேளை," என்றார் அவரும்.

அடுத்த வாரம் இயக்குநர் எங்களைக் கூப்பிட்டு, இதுவரை இருந்ததைவிட இந்த முடிவு பத்து மடங்கு நன்றாக இருக்கிறது, இனி தினமும் இப்படியே இருக்கட்டும் என்றார். நண்பர் தோற்க வேண்டும், நான் ஜெயிக்க வேண்டும். கைதட்டல் போட்டியெல்லாம் வேண்டாம். மண்டியிட்டு ரொட்டியைப் பிய்க்கும்போது நண்பர் தன் சொந்த மொழியில் கத்திப் புலம்பினால் இன்னும் சிரிப்பு வரும் என்றும் சொன்னார். நண்பர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அதன் பிறகு வாராவாரம் அவர் மண்டியிட்டார். தலையில் அடித்துக்கொண்டு, "உப்பு, புளி, மிளகாய், ஒரு கிலோ கத்திரிக்கா" என்று தமிழில் அலறுவார். அதை மந்திரம் என்று நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. அவருடைய மகள் அதன் பிறகு வரவேயில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து கை ஆட்டுவேன். குழந்தைகள் என்னோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசி ஞாயிறு நல்ல வெயில், நல்ல கூட்டம். நண்பர் மண்டியிட்டார். ரொட்டியைப் பிய்த்தார். தலையில் அடித்துக்கொண்டு, அதே அலறும் குரலில், என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"தலைவரே, கூடையை மாத்தச் சொன்னது நீங்கதான்னு எனக்கு முதல் நாளே தெரியும்! எம் புள்ள முன்னாடி என்னை ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். மூத்த தேவதை குதித்துக்கொண்டே மேடையைச் சுற்றி வந்தார். அடுத்த வசனம் என்னுடையது. நான் முன்னால் வந்து அதைச் சொன்னேன், ரொட்டியை அறுத்தேன், மோதிரத்தை எடுத்துக் கொடுத்தேன். வணக்கம் சொல்லும்போது வழக்கம்போல் இருவரும் கை கோத்து நின்றோம். அவர் கை முழுக்க ரொட்டித் தூள்.

அன்றும் என் கார்தான். வேறு வழியில் அவர் வீடு போக முடியாது.

"எப்படித் தெரியும் பாய்?" என்றேன், பாதி வழியில்.

"அந்த இறக்கை கட்டின அம்மாதான் சொன்னாங்க. அன்னிக்கே, நீங்க வர்றதுக்கு முன்னாடி, பார்க்கிங்ல வந்து கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நீங்களும் உங்க ஃப்ரெண்டும் சேர்ந்து அருமையா ப்ளான் பண்ணியிருக்கீங்கன்னு."

அப்படியென்றால் அன்று காரில் அவர் என்னைக் கேட்டது தெரிந்தே கேட்டது.

"அப்புறம் ஏன் இத்தனை வாரம் வந்தீங்க?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "விளையாட்டுக்குத்தாங்க பாய் செஞ்சேன்" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே கேவலமானது அதுதான்.

"சரி தலைவரே," என்றார்.

கோடையில் அவர் வேறு வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு டல்லாஸ் பக்கம் இர்விங் போனார். ஆபீசில் கேக் வெட்டி வழியனுப்பினோம். கேக்கை என்னிடமும் நீட்டினார், எல்லோருக்கும் நீட்டியதுபோல. அடுத்த வருஷம் திருவிழாவுக்கு இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். நான் பதில் எழுதவில்லை. அது பெருந்தன்மை என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

போன வருஷம் வேலை விஷயமாக இர்விங் போக வேண்டியிருந்தது. போன் செய்தேன். வீட்டுக்கு வாங்க என்றார். வழி நெடுகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் மனைவி பிரியாணி செய்திருந்தார். குறையில்லாத உபசரிப்பு. மகள் வளர்ந்திருந்தாள். மாடியிலிருந்து இறங்கி, "ஹாய் அங்கிள்" என்று சொல்லிவிட்டு உடனே மேலே போய்விட்டாள். வீட்டுக் கடன், பள்ளிக்கூடம், டல்லாஸ் வெயில் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் வாயெடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.

கிளம்பும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர், ஒரு திருநெல்வேலிக்காரர், ஏணி கேட்டு வந்தார். என்னைப் பார்த்து, "ஃப்ரெண்டா?" என்று நண்பரிடம் விசாரித்தார்.

"பழைய ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவர்," என்றார் அவர், ஏணியை எடுக்க கராஜ் பக்கம் நடந்துகொண்டே.