கடுக்காய்த் தெருவில் ஒரு நாள்

வாணியம்பாடி நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாசனை வந்ததும், தோல் பதனிடக் கடுக்காய் இடித்த அந்தப் பழைய தெருவும், ஈரத் தோல் ஏற்றிச் சொட்டிக்கொண்டே போகும் மாட்டு வண்டிகளும், தோல் மண்டிக் காவல்காரர் சின்ன வயதில் எனக்கு உருதுவில் ஏதோ சொல்லிக்கொண்டே டீயில் நனைத்து ஊட்டிய பன்னும் நினைவுக்கு வந்தன.

"தினமும் அவர்கிட்ட போய் உக்காந்துப்பேன், இல்லக்கா?" என்றேன்.

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "தினமும் இன்னாடி? ஒரே ஒரு நாளு. நீ காணாம போன அன்னிக்கி. அம்மா தெருத்தெருவா அழுதுகினே தேடுச்சி."

அந்தத் தோல் மண்டி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மருந்துக் கடையிலிருந்து நடந்து வந்து அதன் எதிரே குழம்பிப்போய் நின்றேன். தொலைந்ததோ பயந்ததோ எனக்குத் துளியும் நினைவில்லை. அம்மா அப்படி அழுத நாளையா இத்தனை வருஷமும் என் சந்தோஷமான நாட்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்?