சுண்ணம் இடித்த இருபது பாட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சைக்கிளில் மரக்கறி விற்று மாடிவீடு கட்டினவனும் நான்தான். செத்தவீட்டில் பிணத்துக்குச் சாத்தும் சுண்ணப்பொடியை உரலில் இடிக்கும்போது பாடும் பழைய இருபது பாட்டையும் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக்கினேன். கொக்குவிலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் மனைவியின் செத்தவீட்டன்று, லண்டனிலிருந்து வந்த அவள் தம்பி போனில் அந்தப் பாட்டைப் போட்டான்.

“அத்தான், நீங்கள் பாடவேண்டாம். இடையிலை உடைஞ்சுபோனால் சனத்துக்கு முன்னாலை வெக்கம்.”

போன் தன்பாட்டில் ஓடியது. அதன் வேகத்துக்கு இடிக்கப்போய் இரண்டு உலக்கைகளும் முட்டிக்கொண்டன.

“நிப்பாட்டடா உந்தப் போனை! உலக்கை எப்ப விழுகுதெண்டு உதுக்குத் தெரியுமோ? பாடுறவன் உலக்கையைப் பாத்தெல்லோ பாடவேணும்.”

“பாட்டுப் பிழைச்சால்?”

“ஊராற்றை செத்தவீடுகளிலை பிழைக்காதவன், இவளுக்கோ பிழைக்கப்போறன்?”

எழுந்து நின்று பாடினேன். ஒன்பதாம் பாட்டில் பாதியில் நின்றுவிட்டேன். உரலடியில் நின்றவர்கள் உலக்கைகளைத் தூக்கியபடியே எனக்காகக் காத்து நின்றார்கள். விட்ட சொல்லிலிருந்தே பிடித்தேன். இருபதும் முடித்த பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். ஒரு சொல் பிழைக்கவில்லை. வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.