முப்பது வினாடி

என் அண்ணி பதினொரு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அண்ணனுக்கு இந்த நகரத்துக்கு மாற்றல் வந்ததும், பெட்டி படுக்கையோடு எங்கள் தெருவுக்கே குடிவந்தார்கள். "இங்க தடுக்கி விழுந்தா ஆஸ்பத்திரி. உனக்கா வேலை கிடைக்காது?" என்றான் அண்ணன். தடுக்கி விழுந்தவர்களை நோயாளியாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்பது அந்த மேதாவிக்குத் தெரியவில்லை.

ஐந்து நேர்காணல் ஆயிற்று. ஐந்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. விளம்பரங்களில் எல்லாம் ஒரே நிபந்தனை: வேலையை விட்டு ஆறு மாதம் தாண்டியவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். அண்ணிக்கு ஐந்து மாதமும் மூன்று வாரமும் ஓடிவிட்டன. இன்னும் ஒரு வாரம் போனால் பதினொரு வருடப் பாடும் விழலுக்கு இறைத்த நீர்.

நான் தையல்கடைக்காரி. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்கு வேலை கிடைக்காவிட்டால் எனக்குப் பட்டன் வைக்க ஒரு ஆள் கிடைக்குமே என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. நாத்தனார் என்றால் கொஞ்சமாவது அப்படி இருக்க வேண்டாமா?

"வீட்ல உக்காந்து சுவரையே பாக்காதீங்க அண்ணி, கடைக்கு வாங்க" என்று கூட்டி வந்தேன். முதல் நாளே என் கத்தரிக்கோலைக் காணோம். அரைமணி நேரம் தேடினேன். டீ போடும் அடுப்பில், கொதிக்கிற தண்ணீரில் கிடந்தது. "அழுக்கா இருந்துச்சும்மா" என்றார் அண்ணி.

மூன்றாம் நாள் பருமனான ஒருவர் கோட் தைக்க வந்தார். நான் அவர் மார்பில் நாடாவைச் சுற்றினேன். அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. அந்த மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கடை சாத்துற நேரம் போல. அப்புறமா வர்றேன்" என்று நாடாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன அண்ணி பண்ணுனீங்க?"

"மூச்சை எண்ணினேன்மா. முப்பது வினாடி எண்ணி ரெண்டால பெருக்கணும். பதினாறு, பதினெட்டு இருந்தா சரி. பாவம், அவருக்கு நிமிஷத்துக்கு இருபத்தெட்டு."

"எண்ணப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எண்ணக்கூடாதா?"

"சொன்னா மூச்சு மாறிடுமே! அவங்களுக்குத் தெரியாமத்தான் எண்ணணும்."

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "இன்டர்வியூலயும் எண்ணுனீங்களா?"

அண்ணி மேசையில் கிடந்த பட்டன்களை அளைந்தார். "கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி ஃபைலைப் புரட்டுவாங்கல்ல, அப்ப கண்ணு தானா போயிடுது."

"அஞ்சு இடத்துலயுமா?"

"ஒரு இடத்துல மூணு பேர் இருந்தாங்க. மூணு பேருக்கும் எண்ணினேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து இடத்திலும் கேள்வி கேட்டவர்கள் அலுவலகத்து ஆட்கள். வேலை கேட்டு வந்தவள் வாய் திறக்காமல் கடிகாரத்தையே பார்த்தால், இவளுக்கு வேறெங்கோ அவசரம் என்றுதானே நினைப்பார்கள்? அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அண்ணி அழுதார். "எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா" என்றார். என் பட்டன் ஆசையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆறாவது நேர்காணல் வியாழக்கிழமை. கிளம்பும்போது கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி என் பட்டன் டப்பாவில் போட்டு மூடினேன். அங்கே நடந்ததை அண்ணி சொன்னபடியே சொல்கிறேன்.

இந்த முறை உட்கார்ந்திருந்தது அலுவலகத்து ஆள் அல்ல, தலைமை நர்ஸ். நரைத்த கொண்டை. மார்பில் ஊக்கு குத்தித் தலைகீழாகத் தொங்கவிட்ட சின்னக் கடிகாரம். அண்ணி எல்லாக் கேள்விக்கும் மடமடவென்று பதில் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தம்மா பேச்சை நிறுத்திவிட்டு, தன் கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நம்மைக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று அண்ணி எழுந்தே விட்டார். "பரவால்லைங்க மேடம், நான் வர்றேன்."

"உக்காரும்மா! இன்னும் அஞ்சு வினாடி இருக்கு."

அண்ணி உட்கார்ந்தார்.

"இருபத்தாறு. இவ்வளவு பயமா?" என்றார் அந்தம்மா.

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "உங்களுக்குப் பதினெட்டு மேடம்."

"கையில வாட்ச் இல்லியே, எப்படி எண்ணின?"

"உங்க தலைக்கு மேல சுவர்க் கடிகாரம் இருக்கு மேடம்."

அந்தம்மா திரும்பிப் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார். "திங்கக்கிழமை வந்து சேரு. ஆனா வாட்ச் இல்லாம என் வார்டுக்குள்ள கால் வைக்காதே."

அண்ணி நேராக என் கடைக்குத்தான் வந்தார். இவ்வளவையும் கேட்டுவிட்டு டப்பாவைத் திறந்து கடிகாரத்தைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டவர், அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாதா? அசையாமல் நின்றேன்.

"இருபத்து நாலு" என்றார். "வேலை கிடைச்சது எனக்கு. உனக்கு ஏன்மா இப்படி மூச்சு வாங்குது?"

"பட்டன் வைக்க ஆள் போச்சேங்கிற கவலைதான்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.