நீலத்தை இழுத்த தேன்

போன மார்கழியில் எங்கள் வீட்டுப் பாட்டிலில் இருந்த தேன் அடியில் வெள்ளையாக உறைந்துவிட்டது. “சக்கரையக் கலந்து ஏமாத்திட்டாங்க அத்தை” என்று மருமகள் கொட்டப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். காரணம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய நான் ரசாயனம் பேசினால் அவள் சிரிப்பாளோ என்று கூச்சம். எழுதுவதற்கு அந்தக் கூச்சம் இல்லை.

முன்பு பாப்பிரெட்டிப்பட்டியில் தேன் கொள்முதல் செய்யும் இடத்தில், சோதனை அறைக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் வேலை பார்த்தேன். அங்கே சோதிப்பவரைக் கெமிஸ்ட் அம்மா என்போம். ஒரு பனிக்காலத்தில் சித்தேரி மலையிலிருந்து ஓர் அக்கா தகரம் நிறையத் தேன் சுமந்து வந்தாள். அது உறைந்திருந்தது. மேனேஜர் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

“சீனிப்பாகு ஊத்தியிருக்கற. இனி உங்க ஊருத் தேனே வேணாம், போ.”

“தீர்த்தமலையான் மேல சத்தியங்க சாரு. எம்புள்ள மேல சத்தியங்க.”

“சத்தியம் பண்ணாதவ யாரு?” என்று அவர் சிரித்தார்.

கெமிஸ்ட் அம்மா சிரிக்கவில்லை. அந்த அக்காவையே உள்ளே அழைத்து அடுப்பருகே நிறுத்தினார். மேனேஜரும் பின்னால் வந்தார். குடுவையில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு திரவம் கொதித்தது. “தேன்ல இருக்கற சக்கரை கைய நீட்டிக்கிட்டே இருக்கும்க்கா. இந்த நீலத்தப் புடிச்சு இழுத்துப்புடும். கடைச் சீனி கையக் கட்டிக்கிட்டு நிக்கும். பாருங்க.”

முதலில் சீனித் தண்ணீரை விட்டார். எவ்வளவு விட்டும் நீலம் அசையவில்லை. பிறகு வேறு குடுவை. மலைத்தேனை நிறையத் தண்ணீரில் கரைத்து, கோடு போட்ட நீளக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கினார். நீலம் வெளுத்தது, கலங்கியது. ஒரு சொட்டில் அடியோடு மறைந்து, செங்கல் பொடி போலச் சிவப்பு அடியில் இறங்கியது. வாசற்படியில் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத கைகளை எண்ணிவிட ஒரு வழி இருக்கிறதே! அந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

கெமிஸ்ட் அம்மா குழாயின் கோட்டைப் பார்த்தார். “கலப்படம்னா கை நீட்டற சக்கரை கொறைவா இருக்கும், இன்னும் நெறைய எறக்கியிருக்கணும் சார். இது சுத்தமான தேன். பனிக்குத் தானா உறைஞ்சிருக்கு.”

“சரி சரி, எடை போடச் சொல்லு” என்றார் மேனேஜர்.

அந்த அக்கா நகரவில்லை. குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெத்த புள்ள மேல சத்தியம் பண்ணேன், நம்பல. இந்தச் செவப்ப நம்புறீங்களா சாரு?”

கெமிஸ்ட் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, தகரத்தின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார்.